ஒரு நிமிட மூச்சுப் பரிசோதனை

ஸ்மார்ட் வாட்ச் கட்டியவர்கள் இப்போது ராஜபாளையம் நூற்பாலை வாசலிலும் இருக்கிறார்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியிலும் இருக்கிறார்கள். அதில் வரும் எச்.ஆர்.வி. எண், அதாவது துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்ற அளவு, நேற்றைவிடக் குறைந்தால் பதறிப்போகிறார்கள். பதற வேண்டாம். வாட்ச் மணிக்கட்டில் பச்சை ஒளியைப் பாய்ச்சி, ரத்த ஓட்டத்தை வைத்துத் துடிப்பைக் கணிக்கிறது; கை அசைந்தாலே கணக்கு பிசகும். துடிப்புக்குத் துடிப்பு உள்ள இடைவெளியைத் துல்லியமாகச் சொல்வது ஈ.சி.ஜி.தான். அமைதியாகப் படுத்து 5 நிமிடம், அல்லது உடலில் மாட்டும் ஹோல்ட்டர் ஈ.சி.ஜி. கருவியோடு 24 மணி நேரம் அளக்க வேண்டும் என்று ஐரோப்பிய, வட அமெரிக்க இதயநல அமைப்புகள் 1996-லேயே வரையறுத்துவிட்டன.

இந்தத் துடிப்பு மாறுபாட்டில் என் ஆதங்கம் வேறு. சர்க்கரை நோய் வருடக்கணக்கில் நீடித்தால் இதயத்துக்குப் போகும் நரம்பும் கெடும். வலியே தெரியாமல் மாரடைப்பு வரக்கூடும். இந்த நரம்புப் பாதிப்பை முன்கூட்டி அறிய சாதாரண ஈ.சி.ஜி. போதும். அதை எடுக்கும்போது 5 நொடி மூச்சை இழுத்து, 5 நொடி விட வேண்டும். நிமிடத்துக்கு 6 மூச்சு. இழுக்கும்போது தாளில் அலைகள் நெருங்கும், விடும்போது விலகும். துடிப்பின் அதிகபட்ச, குறைந்தபட்ச வேகங்களின் வித்தியாசம் நிமிடத்துக்கு 15-க்கு மேல் இருந்தால் நல்லது. 10-ஐ ஒட்டி இறங்கினால் நரம்பைக் கவனிக்க வேண்டும். வயதானவர்களுக்கு இது குறைவாகவே வரும், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அதே நோயாளிகளுக்கு வருடம் ஒருமுறை தாலுகா ஆஸ்பத்திரியில் இந்தப் பரிசோதனையையும் செய்யச் சொல்லி அரசு உத்தரவிட வேண்டும்.