ஆட்கொணர்வு மனு யாரைக் கேள்வி கேட்கிறது?

‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ வெள்ளைக்காரன் விட்டுப்போன லத்தீன் சரக்கு, குற்றவாளிகள் தப்பிக்கும் சந்து, நாட்டுக்கு ஆபத்து வந்தால் அதை நிறுத்திவைப்பதில் தவறில்லை என்று சென்ற இதழில் எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். முதல் இரண்டும் அறியாமை. மூன்றாவது கொடுமை.

அந்த லத்தீன் தொடர் இடும் கட்டளை, ‘ஆளைக் கொண்டுவந்து நிறுத்து’ என்பதே. கட்டளை கைதிக்கு அல்ல, அவரைப் பிடித்து வைத்திருப்பவருக்கு. எந்தச் சட்டப்படி பிடித்தாய் என்று நீதிபதி கேட்கிறார். காவல் சட்டப்படியானது என்றால் கைதி சிறைக்கே திரும்புவார். குற்றம் செய்தாரா இல்லையா என்ற விசாரணையே இந்த மனுவில் கிடையாது. சட்டக் கல்லூரியின் முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த இந்த அடிப்படையைக்கூடப் படிக்காமல் தீர்ப்பு எழுத வந்துவிட்டார்.

வெள்ளைக்காரன் சரக்கு என்பதற்கு 1772ஆம் ஆண்டே பதில் சொல்கிறது. ஜமைக்காவில் விற்பதற்காகத் தேம்ஸ் நதியில் நின்ற கப்பலில் விலங்கிட்டு அடைக்கப்பட்டிருந்த ஜேம்ஸ் சோமர்செட் என்ற கறுப்பின அடிமையை மான்ஸ்ஃபீல்டு பிரபு விடுவித்தது இதே மனுவின் பேரில்தான். அன்று தோற்றவர் வெள்ளைக்கார ஆண்டை.

நிறுத்திவைத்தால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு அனுபவித்திருக்கிறது. 1976 ஏப்ரல் 28 அன்று, ஜபல்பூர் வழக்கில், நெருக்கடிநிலையின்போது காவலை எதிர்த்து நீதிமன்றம் வர முடியாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவரில் நால்வர் தீர்ப்பளித்தனர். சொந்தப் பகைக்காக ஒரு போலீஸ்காரர் கொலை செய்தாலும் வழியில்லையா என்று விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடிநிலை நீடிக்கும்வரை இல்லை என்றார் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. தனித்து நின்று மறுப்புத் தீர்ப்பு எழுதிய கன்னாவுக்குத் தலைமை நீதிபதி பதவி மறுக்கப்பட்டது.

அதே ஆண்டு மார்ச் மாதம், கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைக் கேரளப் போலீஸ் கொண்டுபோனது. தந்தை ஈச்சர வாரியர் ஏறி இறங்காத படியில்லை. நெருக்கடிநிலை நீங்கியதும், 1977இல், அவர் போட்ட ஆட்கொணர்வு மனுதான் அரசின் வாயைத் திறந்தது. பிடிக்கவே இல்லை என்று சாதித்தவர்கள், காவலில் இறந்துவிட்டதை ஒப்புக்கொண்டார்கள். முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. மகனின் உடல்கூட அந்தத் தந்தைக்குக் கிடைக்கவில்லை.

அதனால்தான் நெருக்கடிநிலையிலும் உயிர்வாழும் உரிமையை முடக்க முடியாதபடி 1978இல் 44ஆவது திருத்தம் வந்தது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஜபல்பூர் தீர்ப்பையே தூக்கியெறிந்தது. நாடு இத்தனை விலை கொடுத்துத் திருத்திக்கொண்ட தவறைத்தான் கட்டுரையாளர் யோசனை என்று நீட்டுகிறார். மனுவை நிறுத்திவிட்டால், மகனைத் தேடும் தகப்பன் எந்த வாசலுக்குப் போவார்? அவர் எழுதியதில் இதற்கு ஒரு வரி பதில் இல்லை. அது இல்லாதவரை அந்தக் கட்டுரை வாதமே ஆகாது.