சரியான கணக்கே சிறு தொழிலுக்குக் காப்பு: வருமான வரி விபரத்திரட்டு குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

வரிக்கு உட்பட்ட வருமானம் உள்ள ஒவ்வொருவரும் தமது விபரத்திரட்டை உண்மைக் கணக்கோடு, உரிய திகதிக்குள் ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒப்படைப்பதற்கான வழியை அரசாங்கம் தமிழில், ஊருக்குப் பக்கத்தில், தொழிலின் போக்கை அறிந்து ஏற்படுத்தித் தர வேண்டும். புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் படகு, உப்பளம், இறால் தொட்டி, தோட்டம், கருவாட்டுக் கடை என்று சிறு தொழில் செய்வோரின் சங்கம் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடுவதற்குச் சங்கம் தயாரில்லை.

இந்த அறிக்கைக்கு உடனடிக் காரணம் ஊரில் உள்ள குழப்பம். அந்தக் குழப்பத்துக்கு மக்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தபோது, தனிநபர் ஒருவருக்கு வரியில்லாமல் விடப்பட்ட அடிப்படைத் தொகை ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபா. 2020 ஜனவரியில் அது 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது. நாடு கடனைக் கட்ட முடியாமல் விழுந்த பிறகு, 2023 ஜனவரியில் 12 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் 18 இலட்சம். ஏழு ஆண்டுகளில் இத்தனை ஏற்ற இறக்கம். 2021இல் 25 இலட்சம் உழைத்து வரிக்கு வெளியே நின்ற ஒருவர், அதே உழைப்போடு இரண்டு ஆண்டுகளில் வரிக்குள் வந்துவிட்டார். அதை அவருக்கு அவருடைய மொழியில் சொல்ல ஊருக்கு யாரும் வரவில்லை.

பிறகு வந்தது 'டின் நம்பர்' கதை. 18 வயது நிறைந்த அனைவரும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுக்க வேண்டும் என்று 2023இல் வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. பதியாவிட்டால் 50,000 ரூபா வரை தண்டம் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவியதும், சிலர் இரவோடிரவாகப் பதிந்தார்கள். இன்னும் சிலர், பதிந்தால் மாதாமாதம் வரி கேட்டு ஆள் வரும் என்று பயந்து ஒதுங்கினார்கள். சங்கம் தன் அங்கத்தவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: இலக்கம் எடுப்பது வேறு, வரி கட்டுவது வேறு. வருமானம் அந்த 18 இலட்சத்தைத் தாண்டாதவர் இலக்கம் எடுத்தார் என்பதற்காக ஒரு சதமும் வருமான வரி கட்ட வேண்டியதில்லை.

"நாங்கள்தான் பிரதேச சபைக்கு வருஷா வருஷம் கட்டுகிறோமே" என்ற பேச்சும் கடைத்தெருவில் அடிக்கடி காதில் விழுகிறது. சபைக்குக் கட்டுவது ஆதன வரியும் வியாபார அனுமதிக் கட்டணமும். வருமான வரி கொழும்பில் உள்ள உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குரியது. இலங்கையில் வருமானத்துக்கு ஒரே விபரத்திரட்டுத்தான். சபைப் பற்றுச்சீட்டு அதற்கு ஈடாகாது. ஆனால் வியாபாரத்துக்காகக் கட்டிய அனுமதிக் கட்டணத்தைச் செலவுக் கணக்கில் காட்டலாம் என்பதால் அந்தச் சீட்டையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

இனி, கரையோரத்தின் உண்மையான சிக்கலுக்கு வருவோம். அது சம்மாட்டியின், அதாவது படகுச் சொந்தக்காரரின், கொப்பிக்குள் இருக்கிறது.

கற்பிட்டியிலோ உடப்பிலோ ஒரு படகுச் சொந்தக்காரரின் கொப்பியைத் திறந்தால், பெரும்பாலும் ஒரு நாளுக்கு ஒரே வரிதான் இருக்கும்: கைக்கு வந்த காசு. மீன் இரவு லொறியில் பேலியகொடைச் சந்தைக்குப் போகிறது. மறுநாள் ஒரு துண்டு வருகிறது. அதில் மீன் வகை, கிலோ, விலை, கழிக்கப்பட்ட கொமிஷன், லொறிக் கூலி, மிச்சம் எல்லாம் இருக்கும். கொப்பியில் ஏறுவது அந்த மிச்சம் மட்டும். துண்டு சட்டைப்பையில் கிடந்து வியர்வையில் நனைந்து கிழிந்துபோகும். ஐஸ், மண்ணெண்ணெய், சாப்பாட்டுச் செலவு கடைக்காரரின் கொப்பியில் கடனாக இருக்கும். ஆட்களுக்குக் கொடுத்த பங்கு வாயால் பேசி, கையால் எண்ணி முடிந்துவிடும். மீன் வாங்கும் முதலாளி கொடுத்த முற்பணம் கடனா, வருமானமா என்று எந்தக் கொப்பியும் சொல்லாது. கடன் வருமானம் ஆகாது. ஆனால் எழுத்து இல்லாவிட்டால், வங்கிக் கணக்கில் விழுந்த அந்தத் தொகை வருமானம் போலவே தோன்றும்.

இதனால் என்ன நட்டம் என்பதைக் காட்ட, சங்கம் ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. ஒரு படகின் ஆண்டு விற்பனை 95 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். கொமிஷனும் லொறியும் ஒன்பதரை இலட்சம். எரிபொருள், ஐஸ், சாப்பாடு 30 இலட்சம். ஆட்களின் பங்கு 26 இலட்சம். வலை, எஞ்சின் திருத்தம், தேய்மானம் ஏழரை இலட்சம். மிஞ்சுவது 22 இலட்சம். 2025/26 மதிப்பீட்டு ஆண்டில் இதில் 18 இலட்சம் விடுபடும். மீதி 4 இலட்சத்துக்கு நூற்றுக்கு 6 வீதம், அதாவது ஆண்டுக்கு 24,000 ரூபா வரி.

அதே படகு, அதே உழைப்பு. ஆட்களுக்குக் கொடுத்த 26 இலட்சத்துக்கு மட்டும் எழுத்து இல்லை. திணைக்களம் அதைச் செலவாக ஏற்கவில்லை. வருமானம் 48 இலட்சமாகிறது. வரிக்குரியது 30 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த மூன்று ஐந்து இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30 வீதம், மீதிக்கு 36 வீதம். கூட்டினால் வரி 600,000 ரூபா. ஒரு கொப்பி ஒழுங்காக இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே ஐந்து இலட்சத்து எழுபத்தாறாயிரம் ரூபா. அந்த 26 இலட்சத்தைப் பங்கிட்டுக்கொண்ட ஐந்தாறு பேரில் எவருக்கும், வேறு வருமானம் இல்லாவிட்டால், வரி வராது. அவர்கள் பெயருக்கு எதிரே ஒரு கையெழுத்து வாங்கி வைத்தால், அது சம்மாட்டியின் தலையில் விழும் ஆபத்து குறையும்.

விபரத்திரட்டையே ஒப்படைக்காமல் விட்டால் நிலைமை இன்னும் மோசம். தாமதத்துக்குச் சட்டம் விதிக்கும் தண்டம் ஆகக் குறைந்தது 50,000 ரூபாவும், தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 10,000 ரூபாவும், உச்சம் 400,000. 24,000 ரூபா வரி வரவேண்டிய ஒருவர் இரண்டு மாதம் பிந்தினால் தண்டம் மட்டும் 70,000 ஆகும். திணைக்களம் தன் கைக்குக் கிடைத்த தகவலை வைத்துத் தானே மதிப்பீடு செய்து அறிவித்தலும் அனுப்பலாம். அதை மறுக்க 30 நாட்களே உண்டு. விளங்காத மொழியில் வந்த கடிதத்தை அலுமாரியில் வைத்துவிட்டு, யாராவது படித்துச் சொல்வார்கள் என்று காத்திருக்கும் வீட்டில் அந்த 30 நாள் எப்படிக் கழியும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

உப்புச் செய்பவரின் நிலை வேறு. அங்கே ஆபத்து நட்டத்தை எழுதாமல் விடுவதில் இருக்கிறது. உப்பு வெயிலின் தயவில் விளைவது. மழை பிந்தி நீடித்தால் பாத்தியில் உள்ள உவர்நீர் நீர்த்துப்போய் ஒரு போகமே கெட்டுவிடும். மழையால் உற்பத்தி விழுந்து, சுற்றிவரக் கடல் உள்ள இந்த நாடு 2025இன் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அப்படிக் கெட்ட ஆண்டில் "வருமானமே இல்லை, என்னத்தை எழுதுவது" என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். தொழிலில் ஏற்பட்ட நட்டத்தை அடுத்த ஆறு ஆண்டுகள் வரை முன்கொண்டு சென்று இலாபத்தில் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நட்டம் வந்த ஆண்டிலேயே கணக்குக் காட்டாதவர், நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் முழு இலாபத்துக்கும் வரி கட்ட நேரும். கெட்ட ஆண்டின் விபரத்திரட்டு நல்ல ஆண்டின் விபரத்திரட்டைவிட முக்கியமானது என்பது சங்கத்தின் உறுதியான கருத்து.

தோட்டக்காரர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பயிர்ச்செய்கை உள்ளிட்ட பண்ணை வருமானத்துக்கு 2019 ஏப்ரல் 1 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வரிவிலக்கு இருந்தது. அது 2024 மார்ச் 31உடன் முடிந்தது. கற்பிட்டி மணலில் வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் போடுகிற பலர் இன்றும் "விவசாயத்துக்கு வரி இல்லை" என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சிறு தோட்டக்காரரில் அநேகர் 18 இலட்சத்துக்கு உள்ளேதான் நிற்பார்கள். பெரிய அளவில் செய்பவர்கள் விதை, பசளை, மின்சாரம், கூலிச் சீட்டுகளை இன்றே சேர்க்கத் தொடங்க வேண்டும்.

வங்கி வட்டி பற்றி ஒரு வார்த்தை. 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் நூற்றுக்கு 10 வீதம் நிறுத்திவைக்கப்படுகிறது. மகன் வளைகுடாவில் உழைத்து அனுப்பியதை நிலையான வைப்பில் போட்டு அந்த வட்டியில் சீவிக்கும் தாய்க்கு, ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவென்றால், வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அந்தக் கழிவை நிறுத்த உரிமை உண்டு. வெளிநாட்டில் உழைப்பவர் குடும்பச் செலவுக்கு அனுப்பும் பணம் அந்தக் குடும்பத்தின் வியாபார வருமானம் அல்ல. இது தெரியாமல் பயந்து, வங்கியை விட்டு உண்டியலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது சட்டத்துக்கும் ஆகாது, பணத்துக்கும் பாதுகாப்பில்லை.

சங்கத்தை அதிகம் கவலைப்படுத்துவது, "கையெழுத்தை மட்டும் போடுங்கள், மிச்சத்தை நான் பார்க்கிறேன்" என்று ஊர் ஊராக வரும் இடைத்தரகர்கள். தகுதியுள்ள கணக்காளரிடம் போவதைச் சங்கம் வரவேற்கிறது. ஆனால் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்குபவர், வாடிக்கையாளரின் இரகசிய இலக்கத்தைத் தன் கைத்தொலைபேசியில் வைத்துக்கொள்பவர், எல்லோருக்கும் ஒரே கணக்கை எழுதி அனுப்புபவர் கணக்காளர் அல்லர். விபரத்திரட்டில் வருமானத்தோடு சொத்துக்களும் பொறுப்புகளும் எழுதப்படுகின்றன. வருமானம் சைபர் என்று எழுதிவிட்டு அதே ஆண்டில் புது வாகனம் பதிந்தால், பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவரே. தரகர் அப்போது தொலைபேசியை எடுக்கமாட்டார்.

அங்கத்தவர்களுக்குள் மாற்றுக் கருத்தும் இருக்கிறது. நாட்டை வங்குரோத்தாக்கியவர்கள் வேறு யாரோ, அதற்குக் கடலில் கிடந்து உழைப்பவன் ஏன் கட்ட வேண்டும் என்று மூத்தவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் 2022இல் இலங்கையின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு ஏழு வீதம் அளவுக்கு விழுந்ததும் அந்த வங்குரோத்துக்கு ஒரு காரணம். வருமானத்திலிருந்து எடுக்காததை அரசாங்கம் பொருள்களிலிருந்து எடுத்தது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. அதைச் சம்மாட்டியும் கட்டுகிறார், அவரிடம் வலை இழுக்கும் கூலியாளும் அதே வீதத்தில் கட்டுகிறார். வருமான வரி மட்டுமே உள்ளவனிடம் கூடவும் இல்லாதவனிடம் ஒன்றுமில்லாமலும் கேட்கிற வரி. அதனாலேயே சங்கம் அதை ஆதரிக்கிறது.

அரசாங்கத்திடம் சங்கம் கேட்பவை பெரிய விடயங்கள் அல்ல. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தமிழை அரசகரும மொழியாக ஏற்று, அரச அலுவலருடன் தமிழில் கருமமாற்றும் உரிமையைக் குடிமகனுக்குத் தருகிறது. ஆகவே அறிவித்தலும் மதிப்பீட்டுக் கடிதமும் அதற்கான விளக்கமும் தமிழில் வர வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் செப்டெம்பர் முதல் நவம்பர் வரை கற்பிட்டி, புத்தளம், முந்தல், சிலாபம் பிரதேச செயலகங்களில் தமிழ் தெரிந்த அலுவலர்களோடு நடமாடும் சேவை நடத்தப்பட வேண்டும். படகின் பங்குப் பணம் கூலியாகக் கொள்ளப்படுமா, கூட்டாண்மை இலாபமாகக் கொள்ளப்படுமா, அதற்கு எந்த எழுத்து ஏற்கப்படும் என்பதைத் திணைக்களம் ஒரு சுற்றறிக்கையில் தெளிவாக்க வேண்டும்; கரையோரம் முழுவதும் பங்கில் ஓடும் தொழிலை மாதச் சம்பளத்துக்கென்று செய்த படிவத்தில் அடைக்க முடியாது. வரியைவிடத் தண்டம் பெரிதாகும் நிலைமை முதன்முறை விபரத்திரட்டு ஒப்படைக்கும் சிறு தொழில் செய்வோருக்கு நீக்கப்பட வேண்டும். கூடுதலாகக் கழிக்கப்பட்ட வரி தாமதமில்லாமல் திரும்ப வர வேண்டும்.

சங்கம் தன் பங்குக்குச் செய்ய இருப்பது: பேலியகொடைத் துண்டை ஒட்டிவைக்க ஒரு பக்கம், செலவுக்கு ஒரு பக்கம், பங்கு வாங்கியவரின் கையெழுத்துக்கு ஒரு பக்கம் என்று பிரித்த கணக்குக் கொப்பியைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு படகுக்கும் கொடுப்பது. படித்த பிள்ளைகளைக் கொண்டு மாலை நேரத்தில் கணக்கெழுதப் பழக்குவது. பொய்க் கணக்கு எழுத உதவி கேட்டு வரும் அங்கத்தவருக்கு, அவர் யாராக இருந்தாலும், சங்கம் துணை நிற்காது.

2025/26 மதிப்பீட்டு ஆண்டின் மீதி வரியை 2026 செப்டெம்பர் 30இற்குள் செலுத்தி, விபரத்திரட்டை நவம்பர் 30இற்குள் ஒப்படைக்க வேண்டும். சந்தேகம் உள்ளவர்கள் திணைக்களத்தின் 1944 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலேயே கேளுங்கள். தமிழில் பதில் கிடைக்காவிட்டால் அழைத்த நாளையும் நேரத்தையும் குறித்துச் சங்கத்திடம் கொடுங்கள்.