சாட்சிகளின் பாதுகாப்பு

பத்திராதிபர் அவர்களுக்கு,

ஐயா,

சாமியார் ஒருவர் மீதான பாலியல் வழக்கில் சாட்சி சொல்ல முன்வந்ததற்காகத் தாக்கப்பட்ட ஒருவரும், கொலையுண்ட சாட்சி ஒருவரின் தந்தையும், வேறு சிலரும் சேர்ந்து தொடுத்த மனுவின்மேல், 2018 டிசம்பர் 5-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஏ.கே. சிக்ரியும் எஸ். அப்துல் நசீரும் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை அங்கீகரித்து, தனிச் சட்டம் இயற்றப்படும் வரையில் அதுவே தேசமெங்கும் சட்டமாக விளங்கும் என்று தீர்ப்பளித்தார்கள். அபலைகளும் குழந்தைகளும் எதிரியின் முகத்தில் விழிக்காமல் சாட்சியம் அளிப்பதற்கான தனி வளாகத்தை ஒவ்வொரு ஜில்லா நீதிமன்றத்திலும் 2019 முடிவதற்குள் அமைக்க வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் கட்டளை.

அந்தக் கெடு கழிந்து வருஷங்கள் பல ஆன பிறகு, அண்மையில் நான் சென்றிருந்த ஒரு நீதிமன்றத்திலே, கொலை வழக்கொன்றில் கண்ணால் கண்ட சாட்சியாக வந்திருந்த ஒரு பெண்மணி, தாழ்வாரத்தில் வேறு இடமில்லாமையால் எதிரியின் சுற்றத்தார் அமர்ந்திருந்த அதே பெஞ்சியின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்க, அவர்களுள் முதியவர் ஒருவர், வெகு வாஞ்சையோடு, "பெரிய பொண்ணு இன்னமும் அந்த ஏழு மணி பஸ்ஸுலதான் வருதாம்மா?" என்று விசாரித்ததை நான் என் காதாலேயே கேட்டேன். அன்று விசாரணை நடக்கவில்லை, வாய்தா போட்டுவிட்டார்கள். அடுத்த வாய்தாவில் அந்த அம்மாள் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால், பிறழ்சாட்சி என்ற பழி அவர் தலையில் விழுமேயன்றி, அவரை அங்கே உட்கார வைத்தவர்களை யாரும் கேட்கப்போவதில்லை.

மேற்படி திட்டத்தின்படி, பயமுறுத்தப்படும் சாட்சி ஜில்லா நீதிபதியின் தலைமையிலுள்ள குழுவிடம் மனுக் கொடுக்கலாம். போலீஸ் அறிக்கை வந்து சேர்ந்த 5 வேலை நாட்களுக்குள் அது பைசல் செய்யப்பட வேண்டும். காவல் துணை முதல் இருப்பிட மாற்றம் வரை உதவிகள் உண்டு. ஆனால் ஆஜராகாவிட்டால் வாரண்டு என்று எச்சரிக்கத் தெரிந்த சம்மனில் இதைப்பற்றி ஒரு வரியும் நான் கண்டதில்லை. மேலும், பாதுகாப்பு ஒரு தடவைக்கு 3 மாதத்துக்கு மேற்படாது என்பது விதி. நம் செஷன்ஸ் வழக்குகளோ வருஷக்கணக்கில் நடப்பவை. போலீஸாரே எதிரிகளாகும்போது அபாயத்தை மதிப்பிடும் அறிக்கையையும் போலீஸாரே எழுதுவது எவ்வாறு பொருந்தும்? 2020-இல் சாத்தான்குளம் போலீஸ் காவல் மரணச் சம்பவத்தில் உண்மையைச் சொன்ன பெண் தலைமைக் காவலருக்குப் பாதுகாப்பளிக்க ஹைகோர்ட்டே தலையிட வேண்டியிருந்தது.

2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 398-ஆம் பிரிவு, இத்தகைய திட்டத்தை வகுத்து அறிவிக்கும் கடமையை ஒவ்வொரு மாகாண சர்க்காரின் மேலும் சுமத்தியிருக்கிறது. அதை நிறைவேற்றுகையில், மனுச் செய்யும் முறையைச் சம்மனின் முகப்பிலேயே தமிழில் அச்சிடவும், தாலுகா நீதிமன்றம் உட்பட எல்லா நீதிமன்றங்களிலும் சாட்சிகளுக்கென்று தாழ்ப்பாளுள்ள ஓர் அறை ஒதுக்கவும் அதிகாரிகள் உடனே உத்தரவிட வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்