படகில் பாட்டு இருக்கட்டும், கரைக்கு எதற்கு?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

நம்மிடம் படித்த தம்பி ஒருவர் செங்கல்பட்டு பக்கம் கார்களுக்கு ஆடியோ செட் மாட்டும் கடை வைத்திருக்கிறார். சுத்தமான வேலைக்காரர். போன வாரம் போன் செய்தார். ஆலப்புழையில் படகு வீடு வைத்திருக்கும் ஒருவர், படகில் உள்ள பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டித் தரச் சொல்லியிருக்கிறாராம். இரண்டு பெரிய சப்வூஃபர், மேல்தளத்தில் வெளிப்பக்கம் பார்த்து நான்கு பெரிய ஸ்பீக்கர். கரையில் போகிறவன் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும், அதுதான் அவருடைய ஆசை. "சார், தண்ணி மேல சத்தம் எப்படிப் போகும்? எத்தனை வாட்ஸ் போடலாம்?" என்று தம்பி கேட்டார்.

அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். உங்களில் பலர் விடுமுறைக்கு அந்தப் படகுகளில் போகிறவர்கள். சிலர் இங்கேயே கல்யாணம், திருவிழா என்று மைக்செட் தொழிலில் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் பொருந்தும் விஷயம்தான்.

என் கருத்து இதுதான். ஸ்டீரியோவை மாற்றட்டும், நல்லதாகவே மாற்றட்டும். ஆனால் செட் நல்லதா என்பதை, படகில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கு எவ்வளவு தெளிவாக விழுகிறது என்பதை வைத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு தூரம் கேட்கிறது என்பது கணக்கில் வரவே கூடாது. தூரம் கேட்க வைப்பது சுலபம். பக்கத்தில் நன்றாகக் கேட்க வைப்பதற்குத்தான் தொழில் தெரிந்த ஆள் வேண்டும்.

வகுப்பில் சொன்ன பாடத்தையே கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். ஆம்ப்ளிஃபயரின் வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. ஆனால் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், காசு செலவில்லாமல் 6 டெசிபல் கிடைத்துவிடும். அதனால் தூரத்தில் ஒரு ராட்சத ஸ்பீக்கர் வைப்பதைவிட, உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்னதாக ஆறு வைப்பது புத்திசாலித்தனம்.

இதைக் கணக்காகவே போட்டுப் பாருங்கள். மேல்தளத்துப் பெரிய செட் 2 மீட்டரில் 95 டெசிபல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 4 மீட்டரில் 89, 8 மீட்டரில் 83, 16 மீட்டரில் 77, 32 மீட்டரில் 71. கால்வாய் ஓரத்து வீடு அந்தத் தூரத்தில்தான் இருக்கும். நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் அளவு பகலில் 55, இரவில் 45.

இப்போது இன்னொரு கணக்கு. சின்ன ஸ்பீக்கர், 1 மீட்டரில் 75 டெசிபல். உட்கார்ந்து பேசிக்கொண்டே பாட்டுக் கேட்க அது தாராளம். 32 மீட்டரில் அது 45 ஆகிவிடும். ஆறு ஸ்பீக்கரும் சேர்ந்தால் ஏறக்குறைய 8 கூடி 53. படகில் இருப்பவருக்கு ஒரு குறையும் இல்லை, கரையில் பகல் அளவுக்குள் நிற்கிறது. ஸ்பீக்கர்களைக் கூரைக்குக் கீழே, உள்நோக்கி, சற்றுக் கீழே பார்த்தபடி மாட்டினால் இன்னும் குறையும். இரவில் எப்படியும் ஒலியைப் பாதிக்கும் கீழே இறக்கத்தான் வேண்டும். 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியே கூடாது என்பது விதி.

இது காகிதக் கணக்கு. தண்ணீர் மேல் நிலைமை இதைவிட மோசம். மண்ணும் புல்லும் மரமும் ஒலியைக் கொஞ்சம் உறிஞ்சும். தண்ணீரோ வழவழப்பான தரை போல அதைத் திருப்பி அனுப்பும். வெயில் இறங்கியதும் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள காற்று சூடாக இருக்கும். அப்போது மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழேயே வரும். நம் ஊர் வயிரமேக தடாகம் நிறைந்திருக்கும் காலத்தில், சாயங்காலம் கரையில் நின்றால் எதிர்க்கரையில் பேசுவது காதில் விழுவதைக் கேட்டிருப்பீர்கள். காரணம் இதுதான். பேச்சே அப்படிப் போகும்போது சப்வூஃபர் என்ன செய்யும்? பாஸ் ஒலிக்கு ஓட்டுக்கூரையும் சன்னல் கதவும் ஒரு தடையே இல்லை.

அந்தக் கரையில் யார் இருக்கிறார்கள்? குட்டநாட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். கடல் மட்டத்துக்கும் கீழே வயல், அதைக் காக்க ஒரு வரப்பு, அந்தக் குறுகிய வரப்பின் மேலேதான் வீடுகள். வாசற்படி இறங்கினால் கால்வாய். அங்கேதான் துணி துவைக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள், பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். சுற்றுலாப் பயணிக்கு அது ஒரு நாள் காட்சி. அவர்களுக்கு அதுதான் வீடு. ஒரு படகு போய் அடுத்த படகு வருவதற்குள் வீட்டுப்பாடத்தில் இரண்டு கணக்கு முடிக்க வேண்டிய பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவன் நான். எனக்கு முதலில் கண்ணில் படுவது அந்தத் திண்ணைதான்.

படகுக்காரர்களும் இருக்கிறார்கள். பயணிகள் ஒரு நாள் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஓட்டுநரும் சமையல்காரரும் தினமும் கேட்க வேண்டும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரத்தோடு சரி. போன செவி திரும்பி வராது. அதோடு, அதே நீர்வழியில் கேரள நீர்ப்போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகும் வருகிறது, சின்ன வள்ளமும் வருகிறது. எதிரே வரும் ஹாரனும், "ஆள் விழுந்துட்டான்" என்ற கூச்சலும் ஓட்டுநர் காதில் விழ வேண்டாமா?

"படகில் பாட்டு என்பது காலம் காலமாக உள்ளதுதானே சார்?" என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். அதே ஆலப்புழை புன்னமடையில் நேரு கோப்பைப் படகுப் போட்டி நடக்கிறது. துடுப்புப் போடுகிறவர்கள் வஞ்சிப்பாட்டுப் பாடுகிறார்கள். அந்தப் பாட்டுத்தான் அத்தனை துடுப்புகளையும் ஒன்றாக விழ வைக்கிறது. நம் பக்கம் மயிலைக் குளத்தில் தெப்பம் வரும்போது நாதஸ்வரம் வாசிக்கிறார்கள். கரை முழுக்க ஜனம் அதைக் கேட்கத்தான் வந்து நிற்கிறது. முன்னதில் பாட்டு வேலைக்கு, பின்னதில் கரைக்கு. படகு வீட்டு சப்வூஃபர் இரண்டிலும் சேராது. கரையில் இருப்பவர் கேட்கவும் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை.

நீர்நிலை என்பது அதைச் சுற்றி வாழும் எல்லோருக்கும் பொது என்று உத்திரமேரூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் கல்வெட்டில் குடவோலையை மட்டும்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதே கல்வெட்டு ஏரி வாரியத்தையும் சொல்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தனியாகக் குழு வைத்த ஊர் இது.

பக்கத்தில் வேடந்தாங்கலைப் பாருங்கள். பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர் மக்கள் அன்றைய கம்பெனி கலெக்டரிடம் முறையிட்டு, 1798-இல் எழுத்து வாங்கினார்கள். இன்றைக்கும் அந்த ஊர்ப் பக்கம் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே உள்ள சின்னப் பிள்ளைக்கும் பட்டாசு ஆசை இருக்கத்தானே செய்யும்? ஆனாலும் ஊர் கட்டுப்படுகிறது. வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஆலப்புழைப் படகுகள் ஓடும் வேம்பநாட்டுக் காயல் 2002-லேயே சேர்ந்துவிட்டது. அங்கேயும் பறவை உண்டு, பாதிராமணல் தீவு உண்டு. இங்கே அடங்கி நடக்கிற நாம் அங்கே போனதும் எப்படி மாறலாம்?

தம்பி நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "நான் மாட்டலைன்னா வேற கடைக்காரன் மாட்டப் போறான் சார். எனக்கு ஆர்டர்தான் போகும்." பிள்ளை குட்டிக்காரர், கடை வாடகை கட்டுகிறவர். அவரை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. வேறு விதமாக விலைப்புள்ளி கொடு என்றேன்.

கார் செட்டைத் தூக்கிப் படகில் மாட்டினால் அது தாங்காது. காகிதக் கோன் ஈரத்தில் ஊறிப் போகும். பாலிப்ரொப்பிலீன் கோனும் ரப்பர் விளிம்பும் உள்ள, தண்ணீரும் வெயிலும் தாங்கும் படகு ஸ்பீக்கர்தான் வேண்டும். திருகாணி எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வயர் ஈயம் பூசிய செம்பு. வெறும் செம்பு அந்த உப்புக் காற்றில் பச்சை பூத்துவிடும். முக்கியமாக, பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ். படகு வீட்டின் கூரை மூங்கிலும் பாயும் கயிறும். ஒரு ஷார்ட் சர்க்யூட் போதும், அப்புறம் பேச்சே கிடையாது.

ஸ்டீரியோவுக்குத் தனி பேட்டரி வைக்க வேண்டும். இன்ஜின் கிளப்பும் பேட்டரியில் கை வைக்கக் கூடாது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் 1200 வாட்-மணி இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆக 600. செட் சராசரியாக 100 வாட் இழுத்தால் 6 மணி நேரம் பாடும். 300 வாட் இழுத்தால் 2 மணி நேரத்தில் முடிந்தது. பிறகு ஜெனரேட்டரைப் போட வேண்டும், அதன் இரைச்சலை அமுக்கப் பாட்டை இன்னும் ஏற்ற வேண்டும். கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் போட்டால் வீணாகும் மின்சாரம் மிகவும் குறையும். கடைசியாக, எவ்வளவு திருகினாலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் போகாதபடி ஆம்ப்ளிஃபயரிலேயே கெயினைக் கட்டி வைத்துவிட வேண்டும். பயணிக்கும் ஓட்டுநருக்கும் தகராறே வராது.

இரண்டு சப்வூஃபருக்குப் போகும் பணம் நல்ல வயருக்கும் ஆறு ஸ்பீக்கருக்கும் கூலிக்கும் போகும். பில் பெரிதாகக் குறையாது. உரிமையாளரிடம் இதை எல்லாம் விளக்கிச் சொல்லும் பொறுப்பு வேலை தெரிந்தவனுக்கு உண்டு. வைத்தியர் நோயாளி கேட்ட மருந்தையா எழுதித் தருகிறார்? சொல்லியும் கேட்கவில்லை என்றால், அந்த ஒரு ஆர்டர் போகட்டும் என்றுதான் நான் சொல்வேன். தம்பி யோசிக்கிறேன் என்றிருக்கிறார். முடிவு அவருடையது.

பாரம் முழுவதையும் கடைக்காரர் தலையில் கட்டுவதும் சரியில்லை. படகு உரிமையாளர் ஏன் பெரிய செட் கேட்கிறார்? பயணிகள் கேட்கிறார்கள் என்பதால்தான். அந்தப் பயணிகள் நாம். வேன் பிடித்துக் குடும்பத்தோடு போகிறவர்கள், பழைய மாணவர் சந்திப்பு என்று போகிறவர்கள். முன்பதிவு செய்யும்போது "சவுண்ட் சிஸ்டம் பெரிசா இருக்கா?" என்று கேட்பதை நாம் நிறுத்தினால் அவர் ஏன் மாட்டப் போகிறார்? "அமைதியான படகு வேண்டும்" என்று பத்துப் பேர் கேட்டால், அடுத்த ஆண்டு அவரே அதைச் சொல்லி விளம்பரம் செய்வார்.

போனால் பாட்டுப் போடுங்கள். எனக்கும் பாட்டுப் பிடிக்கும். படகின் ஒரு முனையில் உட்கார்ந்தபடி இன்னொரு முனையில் இருக்கும் பாட்டியோடு கத்தாமல் பேச முடிந்தால், அந்த ஒலி சரி. கரையில் வீடு தெரிந்தால் இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். மாலையில், மீனவர்கள் வலை விரிக்கும் நேரத்துக்கு முன், படகு கரை ஒதுங்கிவிடும். அப்போது ஒரு மணி நேரம் அணைத்து வையுங்கள். தவளையும் தண்ணீரும் எப்படிக் கேட்கும் என்று நகரத்தில் வளரும் நம் பேரப்பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

மைக்செட் வைத்திருக்கும் மாணவர்கள் கோடைத் திருவிழாவுக்கு முன் மேலே உள்ள கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் போன் செய்யுங்கள். காலை ஆறு மணிக்கு மேல் எப்போதும் எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்,
உத்திரமேரூர்