1990க்கு எடுத்தால், மறுமுனையில் நம் பிள்ளையும் இருக்க வேண்டும்



1990 என்ற இலக்கம் இன்று தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மலையில் குளவி கொட்டினாலும், லயத்தில் கர்ப்பிணிக்கு வலி எடுத்தாலும், யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் அந்த இலக்கத்துக்குத்தான் எடுக்கிறோம். கொழுந்து லொறியில் நோயாளியைக் கிடத்திக்கொண்டு போன காலத்தைக் கண்டவர்களுக்கு இந்த இலவச அம்பியூலன்ஸ் சேவையின் அருமை தெரியும். அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதன் முழுப் பயனும் நமக்குக் கிடைக்க வேண்டுமானால், தொலைபேசியின் மறுமுனையில் இருந்து பதில் சொல்கிறவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம்.

இந்தியாவின் நன்கொடையில், 88 வண்டிகளோடு 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் இச்சேவை தொடங்கியது. 2018இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. மேலும் 209 வண்டிகள் சேர்க்கப்பட்டு மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. மலையகத்துக்கும் வண்டி வந்தது. வண்டியைப் பற்றிப் பேசுகிறோம், சாரதியைப் பற்றிப் பேசுகிறோம். அந்த வண்டியை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கிறவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அது என்ன வேலை? அழைப்பை எடுப்பவர் முதலில் இடத்தைக் கேட்பார். பிறகு என்ன நடந்தது, நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு வருகிறதா என்று கேட்பார். அதைக் கொண்டு, பக்கத்தில் இருக்கும் வண்டி அனுப்பப்படும். வண்டி வரும்வரை செய்ய வேண்டியதையும் சொல்லித் தருவார்கள். இரத்தம் ஓடினால் துணியை வைத்து அழுத்தச் சொல்வார்கள். மூச்சு நின்றுவிட்டால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தச் சொல்வார்கள். இதயம் நின்றால் சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கத் தொடங்கும். நம் மலைப்பாதையில் எந்த வண்டியும் சில நிமிடத்தில் ஏறி வராது. அதுவரை உயிரைப் பிடித்து வைப்பது அந்தக் குரல்தான். அது சொல்வது நமக்கு விளங்க வேண்டும். நாம் சொல்வது அதற்கு விளங்க வேண்டும்.

முதல் கேள்வியே "எங்கே?" என்பது. டவுனில் இருப்பவர் வீட்டு இலக்கமும் வீதியும் சொல்வார். நம்மில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு விலாசமே கிடையாது. "மேப்பிரிவு, கோயிலுக்குக் கீழே பழைய லயம்" என்போம். "7ஆம் நம்பர் மலை, காட்டோரம்" என்போம். பல தோட்டங்களுக்கு ஆபீஸ் பதிவில் ஓர் ஆங்கிலப் பெயரும் நம் வாயில் வேறொரு தமிழ்ப் பெயரும் உண்டு. மேப்பிரிவும் கீழ்ப்பிரிவும் எத்தனை தோட்டங்களில் இருக்கின்றன! ஆகவே தமிழ் தெரிந்த ஆள் மட்டும் போதாது, தோட்டம் தெரிந்த ஆளும் வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: "லொறி போற ரோட்டுக்கு எவ்வளவு தூரம்? கொழுந்து மடுவத்துக்குத் தூக்கிட்டு வர முடியுமா?" இந்த ஒரு கேள்வி அரை மணித்தியாலத்தை மிச்சப்படுத்தும்.

"உங்கள் ஆட்களுக்குச் சிங்களம் தெரியும்தானே" என்பார்கள். கடையில் சாமான் வாங்கத் தெரியும். நெஞ்சு அடைக்கிறது, கை விறைக்கிறது, கண் இருட்டுகிறது என்பதைப் பதற்றத்தில் யாரும் தாய்மொழியில்தான் சொல்வார்கள். அதுவும் பகலில் லயத்தில் இருப்பது வயதானவர்களும் பிள்ளைகளும். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இல் 16ஆம் திருத்தம் மொழி உரிமைகளை விரித்துச் சொன்னது. நாம் கேட்பது சலுகை அல்ல.

"விண்ணப்பிக்க ஆளில்லை" என்றும் சொல்வார்கள். உயர்தரம் முடித்த நம் பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் நாள் முழுக்க நிற்கிறார்கள். வீட்டில் தமிழ், கடையில் சிங்களம், தேவைக்கு ஆங்கிலம் என்று மூன்றையும் சமாளிக்கிறார்கள். இந்த வேலைக்கு இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

நம் வீட்டுக்குள்ளும் ஒன்று சொல்ல வேண்டும். படித்த பிள்ளைக்கு ஆசிரியர் நியமனம் ஒன்றுதான் உத்தியோகம் என்று வருடக்கணக்கில் காத்திருப்பதை நிறுத்துவோம். இந்த வேலையைச் சிபாரிசுக் கடிதத்தால் பிடிக்கவும் நினைக்க வேண்டாம், தலைவர்களும் கொடுக்க வேண்டாம். திறமை இல்லாதவர் அந்தக் கதிரையில் இருந்தால் போவது ஓர் உயிர்.

நமது கோரிக்கைகள்:

1. இரவு உட்பட ஒவ்வொரு ஷிப்டிலும் தமிழ் பேசும் அழைப்பு உத்தியோகத்தர் எத்தனை பேர் என்பது பகிரங்கமாக அறிவிக்கப்பட வேண்டும். அந்த எண்ணிக்கை போதுமானதாகவும் இருக்க வேண்டும்.

2. வெற்றிட விளம்பரங்கள் தமிழிலும் வர வேண்டும். நேர்முகப் பரீட்சைகள் ஹட்டன், பதுளை, இரத்தினபுரி போன்ற இடங்களிலும் நடக்க வேண்டும்.

3. தோட்டம், பிரிவு, லயம், மலை ஆகியவற்றின் பெயர்களும் வண்டி போகும் பாதையும் மூன்று மொழியிலும் பதிவாக வேண்டும். அந்த விபரத்தைக் கம்பனிகள் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு லயத்துக்கும் இலக்கப் பலகை வேண்டும்.

4. வெளியூரிலிருந்து வந்து இரவில் வேலை செய்யும் நம் பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் வேண்டும்.

தம்பி, தங்கைகளே, விளம்பரம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். சிங்களத்தில் தடையின்றிப் பேசப் பழகுங்கள். கணினியில் வேகமாகத் தட்டெழுதப் பழகுங்கள். செஞ்சிலுவைச் சங்கம், சென் ஜோன் அம்பியூலன்ஸ் போன்றவை நடத்தும் முதலுதவிப் பயிற்சியில் சேருங்கள். இது இலேசான வேலை அல்ல. இரவு விழித்திருக்க வேண்டும். அழுகையும் கூச்சலும் காதில் விழும்போது குரல் நடுங்காமல் கேள்வி கேட்க வேண்டும். அதற்கு மனத்தைரியம் வேண்டும். மழையிலும் அட்டையிலும் மலை ஏறிய தாய்மாரின் பிள்ளைகளுக்கு அது இல்லாமல் போகாது.

தோட்டக் கமிட்டித் தலைவர்களே, மாதர் தலைவிகளே, அடுத்த கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுங்கள். உயர்தரம் முடித்த பிள்ளைகளின் பெயர்களையும், உங்கள் தோட்டத்து லயங்களின் பெயர்களையும் எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். இரண்டு பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு பேசப் போவோம்.