ஓடினாற் போதுமா?

பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்து மக்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் வண்டி ஓட்டினார்கள். பெற்றோல் இல்லை, உதிரிப் பாகம் இல்லை, மின்சாரமும் இல்லை. ஆயினும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார்களும் மொறிஸ் மைனர் கார்களும் நம் தெருக்களில் ஓடின. நோயாளியை வைத்தியசாலைக்கும், பிணத்தைச் சுடலைக்கும், மணமக்களைக் கோயிலுக்கும் அவையே கொண்டு சென்றன. அவற்றை ஓடச் செய்த மெக்கானிக்குகளின் கைத்திறனை நாம் என்றும் மறத்தல் ஆகாது. ஆனால் அந்தப் பெருமையின் நிழலிலே ஒரு தீய பழக்கமும் நம்மிடம் வேரூன்றிவிட்டது. "ஓடினாற் போதும்" என்பதே அப்பழக்கம். இன்று அதற்கு விலை கொடுப்பவர்கள் பதினெட்டும் இருபதும் வயதான நம் பிள்ளைகள்.

தடைக் காலத்துக் கார் குண்டும் குழியுமான தெருவில் மாட்டு வண்டியோடு போட்டியிட்டு ஊர்ந்தது. அதன் பிறேக் பிடியாதுபோனால் வேலியில் முட்டி நின்றது. இன்றைய ஏ-9 வீதியோ அகன்று, நேராக, வன்னிக் காட்டை ஊடறுத்துச் செல்கிறது. அங்கே பழைய காரும் தன் முழு வேகத்தைக் காட்டும். இரவில் மாடு குறுக்கே படுத்திருக்கும். பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரப் பெட்டி முன்னே போய்க்கொண்டிருக்கும். வேகம் இரு மடங்காயின் மோதலின் வலு நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிகம். ஓடும் வண்டியைத் தேடிய காலம் போயிற்று. நிற்க வல்ல வண்டியைத் தேட வேண்டிய காலம் வந்திருக்கின்றது.

அண்மையில் ஒரு மரண விசாரணையிலே குடும்பத்தவர் சார்பில் தோன்றினேன். இறந்தவன் பத்தொன்பது வயது மாணவன். அனுமதிப் பத்திரம் பெற்று மூன்று மாதமே ஆகியிருந்தது. கார் அவனிலும் மூத்தது. அதில் ஆசனப் பட்டி இருந்தது. ஆனால் புதிதாகத் தைத்துப் போட்ட ஆசன உறையின் கீழே மடித்துச் செருகப்பட்டிருந்தது. முன் ரயர்கள் தேய்ந்தவையல்ல. ஆனால் பதின்மூன்று ஆண்டு பழையவை. தோட்டம் செய்து பிழைக்கும் தந்தை என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: "எஞ்சின் நல்ல எஞ்சின் ஐயா, ஒரு சொட்டு ஒயிலும் ஒழுகாது." அவர் பொய் சொல்லவில்லை. எஞ்சினைப் பார்த்து வாங்கினார். பிள்ளை இருக்கப்போகும் இடத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்று அவருக்குச் சொல்லுவாரும் இல்லை.

இத்தந்தையரை மட்டும் குறை கூறுதல் நீதியன்று. 2020 ஆம் ஆண்டு பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 இலேதான் மீண்டும் கதவு திறந்தது. அதுவும் பெரும் வரியோடு. இந்த ஐந்து ஆண்டுகளிலும் பழைய கார் மேலும் பழையதாயிற்று, விலையோ ஏறிற்று. இருபது வயதான மாருதி 800 ஒன்றுக்குப் பத்து இலட்சம் ரூபாவுக்கு மேல் கேட்கப்படும் நாட்டிலே, வெங்காயம் விற்ற காசிலும் வெளிநாட்டு மாமன் அனுப்பிய காசிலும் வாங்கப்படும் முதற் கார் எத்தகையதாயிருக்கும்?

சிறிய கார் என்றாலே ஆபத்து என்று நாம் சொல்லவில்லை. 2014 தை மாதத்தில் குளோபல் என்காப் என்னும் அமைப்பு, இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறு கார்களை மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்த முடிவுகளை வெளியிட்டது. அல்டோ 800, டாட்டா நனோ உட்பட ஐந்தும் காற்றுப் பை இல்லாத மலிவு வகைகள். பெரியவர்களைக் காக்கும் தகைமைக்கு ஐந்தும் பெற்ற நட்சத்திரம் பூச்சியம். அல்டோவிலும் நனோவிலும் உடற்கூடே நிலைகுலைந்தது. ஆனால் அவ்வைந்தில் ஒன்றாகிய போலோ, இரண்டு காற்றுப் பைகளுடன் சோதிக்கப்பட்டபோது நான்கு நட்சத்திரம் பெற்றது. உயிரைக் காக்கும் அறிவு உலகில் இருந்தது; மலிவாக வாங்குபவனுக்கு அது மறுக்கப்பட்டது. இதுவே உண்மை.

நம் நாட்டிலும் 2018 முதல் இறக்குமதியாகும் கார்களுக்குக் காற்றுப் பை வேண்டுமென விதிக்கப்பட்டது. நல்ல விதிதான். ஆனால் அவ்விதி இனி வரும் காருக்கே பேசும். ஏற்கெனவே வந்துவிட்ட காரைத் தொடாது. ஏழையின் பிள்ளை ஓட்டுவது வந்துவிட்ட காரையே.

இனிச் சட்டத்தின் விந்தையைப் பாருங்கள். ஆண்டுதோறும் வருமான உத்தரவுப் பத்திரம் பெறுமுன் உங்கள் காரின் புகையைச் சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். பேருந்துக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழும் வேண்டும். ஆனால் தனியார் காரின் பிறேக்கையோ, சுக்கானையோ, ஆசனப் பட்டியையோ எவரும் ஆண்டுதோறும் சோதிப்பதில்லை. புகை கக்காத கார், நிற்க மாட்டாத காராயிருப்பினும் அதற்குப் பத்திரம் உண்டு! காப்புறுதி இருக்கிறதே என்பார் சிலர். மலிவான மூன்றாந் தரப்புக் காப்புறுதி, பெயருக்கேற்ப, பிறருக்கு நேரும் தீங்குக்கானது. ஓட்டிச் சென்ற பிள்ளையின் முறிந்த காலுக்கு அது ஒரு சதமும் தராது.

1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தம் வாகன உத்தரவுக் கட்டணத்தை மாகாண வருமானமாக்கிற்று. நம் மாகாணத்துக் கார்கள் கட்டும் அப்பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு மாவட்டத்துக்கு ஒரு சோதனை நிலையம் அமைத்தல் ஆகாத காரியமன்று. வட மாகாண சபையின் பதவிக் காலம் 2018 இல் முடிந்தது. மக்கள் தெரிவு செய்த சபை இல்லாதவிடத்து இத்தகைய சிறு தேவைகளைக் கேட்பதற்கு நாதியில்லை என்பதையும் உழவர் பெருமக்கள் உணர வேண்டும். சுயாட்சி என்பது கொடியும் மேடையும் மட்டுமன்று. நம் பிள்ளையின் காருக்குப் பிறேக் பிடிக்கிறதா என்று நாமே பார்க்கும் உரிமையும் அதுவே.

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. புதுக் கார் வாங்க இயலாதவன் மோட்டார் சைக்கிளிலே போகட்டும் என்பது அறிவீனம். அதனிலும் பழைய கார் மேல். ஆனால் வர்ணப் பூச்சுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் செலவிடுமுன் நான்கு காரியங்களைச் செய்யுங்கள். ரயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பத்தாண்டு கடந்ததாயின் கழற்றி எறியுங்கள். பட்டியை முழுதும் இழுத்து, சடுதியாக வெட்டி இழுக்கப் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். முன்னால் இருப்பவர் மரிக்கும் அபாயத்தை அது பாதி வரை குறைக்கும். காற்றுப் பை உண்டு என்று விற்பவன் சொன்னால், திறப்பைத் திருப்பியதும் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையாயின் பை இல்லையென்றே கொள்ளுங்கள். பிறேக்கை நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு சில்லுக் கழற்றிப் பார்ப்பியுங்கள்.

காரைப் போலவே ஓட்டுபவனையும் பாருங்கள். அனுமதிப் பத்திரம் பெற்ற முதல் மாதங்களே மிகக் கொடியவை. இரவும் நண்பர் கூட்டமும் சேர்ந்தால் அபாயம் பன்மடங்கு. நியூசிலாந்து 1987 இலேயே இதை உணர்ந்து, புதிய சாரதி துணையின்றி இரவு பத்து மணிக்குப் பின் ஓட்டலாகாது, பயணிகளை ஏற்றலாகாது என்று படிப்படியான முறையைக் கொண்டுவந்தது. நாமோ பத்திரம் கிடைத்த வாரமே நான்கு நண்பர்களோடு திருவிழாவுக்கு அனுப்பிவைக்கிறோம். இதைத் தடுக்கப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குத் தந்தை சொல்லே சட்டமாயிருக்கட்டும்.

போரிலே ஒரு தலைமுறையை இழந்தோம். கடல் கடந்து ஒரு தலைமுறையை அனுப்பினோம். எஞ்சியிருப்போர் சிலரே. அவர்களையும் தெருவிலே இழக்க இந்த இனத்துக்கு வசதியில்லை. தனியார் காருக்கும் ஆண்டுச் சோதனை வேண்டும். பாதுகாப்புச் சாதனத்துக்கு வரி விலக்கு வேண்டும். இவற்றை நம் பிரதிநிதிகளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு வீடு சென்று, உங்கள் காரின் ஆசன உறையைத் தூக்கிப் பாருங்கள்.