பச்சை உடம்புக்காரியிடம் தூக்கத்தையும் கேளுங்கள்!

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். வீட்டு விஷயத்தைப் பத்திரிகைக்கு எழுதுவதா என்று என் கணவரும் தயங்கினார். என் மகள்தான், "எழுதும்மா, இன்னொரு பொண்ணு பிழைப்பாளே" என்றாள்.

போன வருஷம் அவளுக்குத் தலைப்பிரசவம். சுகப்பிரசவம்தான், பெண் குழந்தை. ஐந்தாம் நாளிலிருந்து அவள் தூங்கவே இல்லை. குழந்தை தூங்கினாலும் இவள் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். 'முதல் பிள்ளைக்காரி, அப்படித்தான்' என்று நான் பத்தியச் சாப்பாட்டிலேயே கவனமாக இருந்துவிட்டேன். எட்டாம் நாள் ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இது என் குழந்தை இல்ல, மாத்திட்டாங்க. காதுக்குள்ள யாரோ சொல்லிக்கிட்டே இருக்காங்க, உனக்குக் கேக்கலையா?" என்றாள். எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போயிற்று.

அக்கம்பக்கத்தில், 'காத்து கறுப்பு அண்டியிருக்கும்' என்றார்கள். நானும் தாயத்து கட்டினேன், மறைக்க விரும்பவில்லை. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் மகள் வாழ்க்கை என்னாகுமோ என்று மூடி வைத்தேன். இரண்டு நாள் இப்படியே போயிற்று. அந்த இரண்டு நாளில் அவளுக்கோ குழந்தைக்கோ ஏதாவது ஆகியிருந்தால்? இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

கடைசியில் விஷயம் தெரிந்து ஓடி வந்தது, நான் யாருக்குப் பயந்தேனோ அந்தச் சம்பந்தியம்மாள்தான். "எங்க சின்ன அத்தைக்கும் இப்படித்தான் வந்துச்சு. பைத்தியம்னு சொல்லி பிறந்த வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பிள்ளை அம்மா முகம் தெரியாம வளர்ந்துச்சு. என் மருமகளுக்கு அது வேணாம், கிளம்புங்க சம்பந்தி" என்று அழுதுகொண்டே சொன்னார். அன்றே அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனோம்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை நாளா தூங்கலை?" என்பதுதான். காய்ச்சல், கிருமித் தொற்று, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு, இது பிரசவத்தை ஒட்டி வரும் ஒரு மனநோய் என்றார். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று, இரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வருமாம். பிரசவம் ஆனதும் ஹார்மோன்கள் சட்டென்று குறைவது, தூக்கம் கெடுவது, பரம்பரை எல்லாம் சேர்ந்து இதைக் கிளப்பிவிடலாமாம். பெற்றவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆனால், ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. தாயையும் சேயையும் தனியாக விடக் கூடாது என்றார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். நாலு மாதத்தில் என் மகள் பழையபடி ஆகிவிட்டாள். அடுத்த பிரசவத்திலும் வர வாய்ப்பு உண்டு என்பதால், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டுமாம்.

பிள்ளை பெற்ற மூன்றாம், நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுவது பல பேருக்கு உண்டு. அது இரண்டு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். ஆனால் நாள் கணக்கில் தூக்கமில்லை, இல்லாத குரல் கேட்கிறது, பெற்ற பிள்ளையையே சந்தேகப்படுகிறாள் என்றால் அது வேறு. சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் டாக்டர், அப்புறம் கோயில்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. ஆபத்து இருந்தால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

குழந்தை பார்க்க வருகிறவர்கள், 'பால் இருக்கா? பிள்ளை யார் ஜாடை?' என்று கேட்கிறோம். 'நீ தூங்கினியாம்மா?' என்று ஒருத்தராவது கேட்கிறோமா? நான் கேட்டிருந்தால், ஐந்தாம் நாளே என் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பேன். இனிமேல் நீங்களாவது கேட்பீர்களா, சகோதரிகளே?

- பெயர் வெளியிட விரும்பாத ஒரு பாட்டி.